மாங்கனியும் தாளமும்

காரைக்காலை வெளியூர்க்காரர்கள் மாங்கனியால் அறிவார்கள். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது வாசல்களிலிருந்தும் மாடிகளிலிருந்தும் மாம்பழங்களை வாரி இறைப்பார்கள். பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் முந்தானையை விரித்து ஏந்துவார்கள். அதற்கு முன்பே புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் ஊர் கூடித் திருக்கல்யாணம் நடத்தி வைத்திருக்கும். கணவன் கொடுத்தனுப்பிய இரண்டு கனிகள், ஒன்றை அடியாருக்குப் படைத்தது, கணவன் இன்னொன்றும் கேட்டபோது இறையருளால் கனி வந்தது, அதைக் கண்டு அவன் அஞ்சி விலகியது என்று இந்தக் கதை எங்கள் ஊரில் பேச்சு வரும் முன்பே பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும்.

சோழர் காலச் சிற்பிகள் இதே பெண்ணை வடித்தபோது மாங்கனியை விட்டுவிட்டார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் சிவனின் காலடியில் அவர் தாளம் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்திலும் உள்ள செப்புப் படிமங்களிலும் அதே கோலம்தான்: வற்றிய மார்பு, துருத்திய விலா எலும்பு, கைகளில் ஒரு சோடித் தாளம். உலகம் பார்க்கும் காரைக்கால் அம்மையார் ஓர் இசைக்காரி. நாங்கள் கொண்டாடுபவரோ கணவனுக்கு இலையில் பழம் வைக்கும் மனைவி.

இந்த வேறுபாட்டை நான் பல ஆண்டுகளாக வகுப்பறையில் சொல்லி வந்திருக்கிறேன். அது வெறும் இலக்கியச் செய்தி அல்ல என்று உறைத்தது 44 வயதில் கிதார் பழகத் தொடங்கிய பிறகு. பெண் எந்த வயதில், எதற்காக, யார் காது கேட்க ஓசை எழுப்பலாம் என்பதை நம் மரபு மிகத் தெளிவாக வகுத்து வைத்திருக்கிறது. இந்தக் கட்டுரை அந்த வகுப்பைப் பற்றியது.

*

முதலில் அம்மையாரின் பிரதிகளைப் பார்ப்போம். பதினொன்றாம் திருமுறையில் அவருடையவையாக 143 பாடல்கள் இருக்கின்றன: திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு, அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை. இவற்றில் எங்கும் மாங்கனி இல்லை, பரமதத்தன் இல்லை, புனிதவதி என்ற பெயரும் இல்லை. அவர் தன்னைக் குறித்துக்கொள்ளும் பெயர் காரைக்கால் பேய். மாங்கனிக் கதையை நாம் அறிவது சில நூற்றாண்டுகள் கழித்து வந்த சேக்கிழார் வழியாக.

சேக்கிழாரின் கதையிலேயே கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு வரிசை உண்டு. மகளாக இருந்தவரை, மனைவியாக இருந்தவரை, புனிதவதி ஒரு பாட்டும் பாடுவதில்லை. கணவன் வேறோர் ஊரில் வேறொரு பெண்ணை மணந்து, முதல் மனைவியின் காலில் குடும்பத்தோடு விழுந்த பிறகுதான், கணவனுக்காகத் தாங்கிய தசைப்பொதியை அவர் கழற்றிப் போடுகிறார். பேய் வடிவம் பெற்ற அந்தக் கணத்தில் அந்தாதி பிறக்கிறது. அடுத்து இரட்டை மணிமாலை. கயிலை சென்று திரும்பி ஆலங்காட்டில் பதிகம். அவருடைய அந்தாதியோ, பேச்சுப் பழகிய நாள் முதலே இறைவன்மேல் காதல் இருந்ததாகச் சொல்கிறது. ஆக, காதல் சிறுவயதிலிருந்தே இருக்கிறது. குரல் வெளியே வருவதற்கு இல்லறம் முடிய வேண்டியிருக்கிறது. சேக்கிழார் அற்புதமாகக் காட்டியதைப் பெண்கள் நாங்கள் நாட்காட்டியாகப் படிக்க முடியும்.

திருவாலங்காட்டுப் பதிகங்கள் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. முதல் பதிகம் முதுமையும் பசியும் உலர்த்திய ஒரு பெண்பேயின் உடலோடு தொடங்குகிறது. அதே பதிகத்தில் ஒரு பாட்டு ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் வாத்தியங்களின் நீண்ட பட்டியலையும் அடுக்குகிறது. வீணை, மத்தளம், துந்துபி, குடமுழா என்று போகும் அந்தப் பட்டியலில் தாளமும் உண்டு. இசை இலக்கண அறிவு உள்ள ஒருத்தி அந்த அறிவைக் கொண்டுபோய் இறக்கி வைத்த இடம் அரங்கு அல்ல, சுடுகாடு. பிணமெரியும் இடத்தின் ஓசைக்கு நம் சமூகம் ஒரு சாதியையும் சேரியையும் ஒதுக்கியிருக்கிறது. வணிகர் குலத்து மருமகள் அங்கே போய் உட்கார்ந்தார் என்பதை பக்தி என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிட முடியாது.

*

அம்மையாருக்கு வெளியே, தமிழ் மரபில் வாத்தியத்தோடு இருக்கும் பெண் யார்? எங்கள் கடற்கரையில் வடக்கே, தரங்கம்பாடி தாண்டினால் பூம்புகார். அங்கே மாதவி ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டுகள் ஆடலும் பாடலும் பயின்று, 12 வயதில் அரங்கேறுகிறாள். தலைக்கோலும் 1008 கழஞ்சுப் பொன் மதிப்புள்ள மாலையும் பரிசு. பெண்ணின் இசைக்கல்விக்குத் தமிழ்க் காப்பியம் தரும் கால அட்டவணை இதுதான். பன்னிரண்டில் கற்று முடித்தாக வேண்டும், அரசன் முன் நிரூபித்தாக வேண்டும், அதற்கு ஒரு விலை வந்தாக வேண்டும்.

கானல்வரியில் நடப்பது அதைவிட முக்கியம். கோவலன் யாழை வாங்கி வாசித்துப் பாடுகிறான். அவன் பாட்டில் வேறொருத்தி இருப்பதாக மாதவி எண்ணுகிறாள். பிறகு அதே யாழை அவள் வாங்கித் தன் பாட்டைப் பாடுகிறாள். அவள் மனத்தில் வேறொருவன் இருப்பதாக அவன் முடிவு செய்கிறான். சந்தேகம் இருவருக்கும் பொது. எழுந்து போகும் உரிமை அவனுக்கு மட்டும். ஊழ் யாழின் மேல் வைத்து வந்தது என்று காப்பியம் தீர்ப்பளிக்கிறது. வாசித்தது குற்றமாகவில்லை, தன் கற்பனையில் வாசித்தது குற்றமாயிற்று. கண்ணகியின் கையிலோ வாத்தியமே இல்லை. அவளிடம் ஓசை தரக்கூடியது சிலம்பு ஒன்றுதான். அதுவும் உடையும்போதுதான் ஊருக்குக் கேட்கிறது.

பின்வந்த காலம் மாதவியையும் கண்ணகியையும் ஒரே பெண்ணுக்குள் அடைக்கப் பார்த்தது. இசை வேளாளர் குலத்துப் பெண்களிடமிருந்து எடுத்த கலையைச் சலவை செய்து, மேல்சாதி வீட்டுப் பெண்ணுக்குத் திருமணத் தகுதியாக்கியது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன் கூடத்தில் வீணை, ஒரு கீர்த்தனை. கழுத்தில் தாலி ஏறிய பின் வீணை உறைக்குள் போய்விடும். அதை எத்தனை வீட்டு மூலைகளில் பார்த்திருக்கிறோம்! திருமணத்துக்கு முன் இசை ஓர் அணிகலன், பிறகு அது நேர விரயம். பேரன் பேத்தி எடுத்த பின் பஜனை மண்டலியில் சேர்ந்தால் மீண்டும் அனுமதி கிடைக்கும். இருபதுக்கும் அறுபதுக்கும் நடுவில் உள்ள நாற்பது ஆண்டுகள் ஓசையற்றவை.

காவிரிக்கரையின் இசை நாவல் என்று நாம் போற்றும் தி. ஜானகிராமனின் மோகமுள்ளில் இந்தப் பங்கீடு இன்னும் நுட்பமானது. பாபு குழந்தை அல்ல. வளர்ந்த பிறகு, ஆசைகளோடும் அலைக்கழிப்போடும் ரங்கண்ணாவிடம் உட்கார்ந்து கற்கிறான். கற்றலின் வலி, தோல்வி, சோம்பல் எல்லாமே அவனுடைய உள்வாழ்வாகி நாவலை நிரப்புகின்றன. அவனைவிடப் பத்து வயது மூத்த யமுனாவோ காத்திருக்கிறாள். அவள் அவனுடைய இசைக்குத் தடையாகவும் திறவாகவும் இருக்கிறாள், கற்பவளாக இல்லை. ஜானகிராமன் பெண்களை எவ்வளவு பரிவோடு எழுதினார் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்தப் பரிவுக்கும் யமுனா ஒரு வாத்தியத்தை மடியில் வைத்துத் தடுமாறும் காட்சி தோன்றவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தட்டுத்தடுமாறிக் கற்கும் உரிமை நம் புனைகதையில் ஆணுக்குரிய உள்வாழ்வு.

*

கிதாரைத் தேர்ந்ததற்குக் காரணம் அதற்கு நம் வீடுகளில் இந்தச் சடங்கு வரலாறு இல்லை என்பதே. பெண் பார்க்கும் கூடத்தில் அது வைக்கப்பட்டதில்லை. சரஸ்வதியின் மடியிலும் இல்லை. எங்கள் ஊரில் அது மாதா கோயில் பாடகர் குழுவில் இருக்கிறது, கல்லூரி விழாவில் பையன்களின் தோளில் தொங்குகிறது. பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்கள் சுரங்களை தோ, ரே, மி என்றுதான் சொல்வார்கள். அந்தக் கணக்கில் கிதாரின் ஆறு தந்திகள் தடித்ததிலிருந்து மி, லா, ரே, சொல், சி, மி. எனக்கு அப்படிப் படித்ததுதான் மனத்தில் நின்றது.

பக்கத்து நகரத்துக் கடையில் வாங்கப் போனபோது, "பையனுக்கா மேடம்? எத்தனை வயசு?" என்று கேட்டார்கள். "நாற்பத்து நாலு" என்றேன். அந்த முகம் எப்படி மாறியது என்று விவரிக்கத் தேவையில்லை. மாட்டியிருந்தவற்றில் பெரும்பாலானவை பெரிய உடல் கொண்டவை. அந்த வடிவத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய, அமெரிக்க வீட்டுக் கூடங்களில் பெண்கள் வாசித்த கிதார் சிறியது, இடுப்பு ஒடுங்கியது. மேடையும் கூட்டமும் பெரிதானபோது ஓசைக்காக உடலும் பெரிதாயிற்று. 1916இல் மார்ட்டின் நிறுவனம் வடித்த அகன்ற வடிவத்துக்குப் பெயர் டிரெட்நாட். அது ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர். இன்று கடையில் சாதாரண கிதார் என்று தருவது பெரும்பாலும் அந்தப் போர்க்கப்பலைத்தான். அதைக் கட்டிக்கொண்டால் என் வலது தோள் காதருகே ஏறிவிடுகிறது. நாற்பதுக்கு மேல் பெண்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது அதிகம். எனக்கும் இடது தோள் ஓராண்டு இறுகியிருந்தது. சிறிய உடல், மெல்லிய தந்தி, தந்திக்கும் விரற்பலகைக்கும் நடுவில் குறைந்த உயரம் என்று கேட்டு வாங்கினால் பாதி வலி குறையும். "உங்க விரலுக்கு வராது" என்று சொல்லப்படும் பல இடங்களில் வராதது விரல் அல்ல, அந்த அளவு.

மீதி வலி உண்மையானது. எஃகுத் தந்தி முதல் சில வாரங்கள் இடது கை விரல் நுனிகளை அறுக்கும், பிறகு காய்த்துவிடும். சுட்டுவிரலை ஆறு தந்திகளின் மேலும் படுக்கவைத்து அழுத்தும் எஃப் கார்டு மாதக்கணக்கில் வராது. இருபது ஆண்டுகள் காய் நறுக்கிய வலது கைக்கு ஏற்கெனவே காய்ப்பு உண்டு. அதை யாரும் பயிற்சி என்று சொன்னதில்லை. எனக்குக் கற்றுத்தரும் தம்பிக்கு 23 வயது. "விரல் வலிச்சா நிறுத்திடுங்க மேடம், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பார். வலித்தால் நிறுத்தலாம் என்று என்னிடம் சொன்ன முதல் ஆசிரியர் அவர்தான்.

வலியைவிடக் கடினமானது காதுகள். "அக்கா, உங்க வீட்ல பையன் லீவுக்கு வந்திருக்கானா, கிதார் சத்தம் கேக்குதே" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். நான்தான் என்றதும், "ஓ, எப்பக்கா அரங்கேற்றம்?" என்று சிரித்தார். கேலி இல்லை, அன்புதான். ஆனால் மாதவியின் அட்டவணை அந்தக் கேள்விக்குள் உயிரோடு இருக்கிறது. வீட்டிலோ, "கதவைச் சாத்திக்கிட்டு வாசியேன்" என்று ஒரு வேண்டுகோள் வந்தது. மகன் எட்டாம் வகுப்பில் கீபோர்டு பழகியபோது அதே கூடத்தில் அதே தவறான சுரங்களை இரண்டு ஆண்டுகள் எல்லோரும் கேட்டோம். அப்போது யாரும் கதவைப் பற்றிப் பேசவில்லை. வளர்கிறவனின் தவறு நம்பிக்கை. வளர்ந்துவிட்டவளின் தவறு இரைச்சல். கதவு இப்போதும் திறந்தே இருக்கிறது. அதை வைத்து மூன்று வாரம் வீட்டில் பேச்சு சரியாக இல்லை.

*

வயதான பின் இசை கற்பது பற்றி ஆங்கிலத்தில் புத்தகங்கள் உண்டு. நியூயார்க் பல்கலைக்கழக உளவியலாளர் கேரி மார்கஸ் 2012இல் வெளியிட்ட கிதார் ஜீரோ அவற்றில் பேர் பெற்றது. நாற்பதை நெருங்கும்போது அவர் கிதாரைத் தொடங்கினார். சிறுவர்களுக்கான கோடை முகாமில் அவர்களோடு குழுவில் சேர்ந்து வாசித்தார். இளம் வயதில் மூளையின் கதவு மூடிவிடுகிறது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் நாம் நினைக்கும் அளவு வலுவாக இல்லை என்பது அவர் வாதம். எனக்குப் பயன்பட்ட புத்தகம் அது. ஆனால் அந்தக் கற்றல் நடந்தது பல்கலைக்கழகம் தந்த ஆய்வு விடுப்பில். மூளை இருக்கிறதா என்று விரிவாகக் கேட்கும் அந்த நூல், நேரம் யாரிடம் இருக்கிறது என்று கேட்பதில்லை.

2019ஆம் ஆண்டின் இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அதைக் கேட்டது. ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காகச் செலவிடுவது நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். கிதார் பழக எனக்கு வேண்டியது 20 நிமிடம். அந்த 20 நிமிடம் எனக்குக் கிடைப்பது அரசுச் சம்பளத்தாலும், என் வீட்டுப் பாத்திரங்களை வேறொரு பெண் கழுவுவதாலும்தான். தன் வீட்டு 299 நிமிடத்துக்கு மேல் என் வீட்டிலும் உழைக்கும் அவருக்கு இந்தக் கட்டுரை பேசும் உரிமை எட்டாத தூரத்தில் இருக்கிறது. இதைச் சேர்த்துக்கொள்ளாமல் தாமதக் கற்றலைப் பெண்விடுதலையாகப் பாடுவது நடுத்தர வர்க்கத்தின் தாலாட்டு.

ஆகவே மார்கஸின் பக்கத்தில் எலிசபெத் காட்டனை வைத்துப் படிக்க வேண்டும். 1893இல் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டுவேலை செய்த கூலியைச் சேர்த்துக் கிதார் வாங்கியவர். இடக்கைக்காரர் என்பதால் கிதாரைத் தலைகீழாகப் பிடித்து, விரல்களால் தாழ்சுரமும் கட்டைவிரலால் மெட்டும் வாசிக்கும் முறையைத் தானே அமைத்துக்கொண்டார். இளம் வயதில் திருமணம், மகள், உலகியல் பாட்டு கூடாது என்று தேவாலயத்தில் சொன்னார்கள், கிதார் நின்றுபோயிற்று. பல பத்தாண்டுகள் கழித்து, வாஷிங்டனில் சீகர் குடும்பத்தில் வீட்டுவேலை செய்தபோது, அந்த இசைக் குடும்பத்தின் சுவரில் தொங்கிய கிதாரை எடுத்து மீண்டும் பழகினார். 1958இல் முதல் இசைத்தட்டு வந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 1985இல் கிராமி விருது, 1987இல் மறைவு.

இந்தக் கதையை ஒரு வெள்ளையர் குடும்பம் ஒரு மேதையைக் கண்டெடுத்த கதையாகச் சொல்வது வழக்கம். நான் அதை வேறு விதமாகப் படிக்கிறேன். வயது அவர் விரல்களை எடுத்துக்கொள்ளவில்லை. கையில் கிதார் இல்லாத அத்தனை ஆண்டுகளும் அந்தக் கைகள் மற்றவர்கள் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தன. நின்றுபோனது கைக்கும் கிதாருக்கும் நடுவில் இருந்த நேரம். மார்கஸுக்கு அந்த நேரத்தை நிறுவனம் கொடுத்தது. காட்டன் வேலை நடுவில் திருடிக்கொண்டார்.

*

ஆனாலும் காட்டனை முன்னுதாரணமாக்குவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. அவர் சிறந்தவர். பெண்கள் நுழைந்த கதைகளை நாம் சிறந்தவர்களை வைத்தே சொல்கிறோம். எங்களுக்கு அருகில் மயிலாடுதுறையில் பிறந்த சுகன்யா ராம்கோபாலின் கதையும் அப்படித்தான். பெண் கைக்குக் கடம் கடினம் என்ற ஐயத்தைத் தாண்டி, டி. ஆர். ஹரிஹர சர்மாவிடம் கற்றுத் தேர்ந்தார். தேர்ந்த பின்னும் அவரோடு மேடையைப் பகிரத் தயங்கிய ஆண் கலைஞர்கள் இருந்ததைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருடைய சாதனை பெரிது. ஆனால் கதவு சிறந்தவளுக்கு மட்டும் திறக்கும் என்றால், அது இன்னும் மூடிய கதவுதான். சுமாராக வாசிக்கும் ஆண்கள் நம் தேநீர்க் கடைகளிலும் நண்பர் கூட்டங்களிலும் நிறைந்திருக்கிறார்கள். அவர்களை யாரும் அரங்கேற்றம் எப்போது என்று கேட்பதில்லை. சுமாராக வாசிக்கும் பெண்ணைக் காண்பது அரிது. அவள் ஒன்று வித்வாம்சினி, இல்லையென்றால் வாசிப்பதே இல்லை.

பெண் கவிஞர்கள் இதை எழுத்தில் பார்த்தவர்கள். ஓர் ஆணின் முதல் தொகுப்பு பலவீனமாக இருந்தால் அது முயற்சி. பெண்ணின் தொகுப்பு பலவீனமாக இருந்தால் எதற்கு எழுத வந்தாள் என்ற கேள்வி. சிறப்பு என்பது நமக்கு நுழைவுக் கட்டணம். அதைக் கட்ட முடியாத பெரும்பான்மைப் பெண்கள் தங்கள் ஓசையைத் தாங்களே அடக்கிக்கொள்கிறார்கள். அதை அடக்கம் என்ற பெயரால் ஊர் பாராட்டுகிறது.

தாளத்திடம் நான் திரும்பத் திரும்பப் போவது இதனால்தான். சேக்கிழாரின் அம்மையார் இறைவனிடம் கேட்டது ஆடும்போது அடியின் கீழிருந்து மகிழ்ந்து பாட வேண்டும் என்பது. வாத்தியம் எதையும் கேட்கவில்லை. தாளத்தைக் கையில் கொடுத்தவர்கள் சிற்பிகள். யாழையோ வீணையையோ கொடுத்திருக்கலாம். அவர் பாட்டின் பட்டியலில் வீணை இருக்கிறதே. கொடுத்தது இரண்டு சிறு வெண்கலத் தட்டுகள். ஏழாண்டுக் கல்வி, தலைக்கோல், விலை எதையும் கேட்காத வாத்தியம் அது. எந்த வயதுக் கையும் எடுத்துத் தட்டலாம். முகத்தில் அவர்கள் வைத்த சிரிப்பு யாரிடமும் மதிப்பெண் கேட்கும் சிரிப்பு அல்ல. திருமணச் சந்தைக்கு ஒரு பயனும் இல்லாத உடல், யாருக்கும் நிரூபிக்க வேண்டியதில்லாத ஓசை: சிற்பிகள் இரண்டையும் ஒரே உருவில் சேர்த்துவிட்டார்கள்.

பேயாக மாறினால்தான் இந்தச் சுதந்திரம் என்பது அந்தக் காலத்து நிபந்தனை. இல்லறத்தையும் ஊரையும் தசையையும் துறந்து சுடுகாட்டுக்குப் போன பிறகே ஒரு பெண் தன் மகிழ்ச்சிக்குத் தாளம் தட்ட முடிந்தது. எனக்கு அந்த நிபந்தனையில் உடன்பாடு இல்லை. என் உடல் எனக்கு வேண்டும், அது வற்றும் வேகத்தில் வற்றட்டும். என் வீடும் எனக்கு வேண்டும், கூடத்தோடும் திறந்த கதவோடும். சி மைனர் வராத, எஃப் கார்டில் ஒரு தந்தி மொட்டையாகத் தெறிக்கும் இந்த வாசிப்பைக் கேட்டுக்கொண்டே எதிர்வீட்டில் யாராவது துணி உலர்த்தட்டும். அடுத்த ஆனியில் மாங்கனி வீசும் கூட்டத்தில் நானும் நிற்பேன். என் மாணவிகளும் நிற்பார்கள். பழம் கையில் விழுந்த பிறகு, கோயிலுக்குள் இருக்கும் அந்தப் பெண் பிற்காலத்தில் என்ன செய்தார் என்பதையும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.